சத்தத்தை வெளியே நிறுத்துவது எப்படி? கோடம்பாக்கம் முதல் பொழிச்சலூர் வரை

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதம், அனகாபுத்தூரில் ஒரு நெசவாளரிடம் பேசப் போயிருந்தேன். எண்பது தாண்டியவர். ஒரு காலத்தில் இங்கே நெய்த மெட்ராஸ் கைக்குட்டைத் துணி நைஜீரியா வரைக்கும் கப்பலேறியது. அந்தக் காலத்தில் தறியில் உட்கார்ந்தவர்களில் மிச்சம் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒரு மணி நேரம் பன்னிரண்டு நிமிஷம் பேசினார். வீட்டுக்கு வந்து ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். விமானம் மொத்தம் பதினோரு முறை வந்திருந்தது.

பத்து முறை பிரச்சினை இல்லை. விமானம் தலைக்கு மேலே வந்தால் பேச்சை நிறுத்துவதும், போனதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வதும் எங்கள் பக்கத்து ஊர்களில் எல்லாருக்கும் உள்ள பழக்கம். யாரும் அதை கவனிப்பதுகூட இல்லை. ஆனால் ஒரே ஒரு இடத்தில் அவர் நிறுத்தவில்லை. அவருடைய அப்பா நூலுக்குச் சாயம் ஏற்றிய விதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஞாபகத்தில் மூழ்கிவிட்டார். உதடு அசைகிறது, நான் தலையாட்டுகிறேன், மைக்கில் இருப்பது இன்ஜின் சத்தம் மட்டும். சுமார் முப்பது விநாடி. அடுத்த வாரம் போய் அதே கேள்வியைக் கேட்டேன். "அதான் சொன்னேனே தம்பி" என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

பொழிச்சலூர் தெரியாதவர்களுக்கு: சனி பகவான் சன்னதிக்காக வடதிருநள்ளாறு என்று சொல்லப்படும் அகத்தீஸ்வரர் கோயில் இருக்கும் ஊர். சென்னை விமான நிலையத்தின் முதன்மை ஓடுபாதைக்கு மேற்கே இருக்கிறோம். விமானங்கள் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் ஏறும், இறங்கும். மேல்காற்று வீசும்போது எங்கள் பக்கம் பார்த்து ஏறுகின்றன. கீழ்காற்று வீசும்போது எங்கள் பக்கமிருந்து இறங்குகின்றன. எந்தக் காற்றடித்தாலும் எங்களுக்குப் பங்கு உண்டு.

சாஃப்ட்வேர்காரன் என்பதால் முதலில் சாஃப்ட்வேரில்தான் கை வைத்தேன். ஸ்டீவன் போல் என்பவர் 1979-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வரும் ஒரு வழி இருக்கிறது: பேச்சு இல்லாத இடத்தில் இரைச்சல் எப்படி இருக்கிறது என்று அளந்து, அதைப் பேச்சு உள்ள இடத்திலிருந்து கழித்துவிடுவது. மின்விசிறி இரைச்சலுக்கு அருமையாக வேலை செய்யும். ஏன்னா விசிறி ஒரே மாதிரி ஓடுகிறது. விமானம் விநாடிக்கு விநாடி மாறுகிறது, பேச்சைவிடப் பல மடங்கு பெரிதாகவும் இருக்கிறது. கழித்த பிறகு கிடைத்தது தண்ணீருக்கு அடியில் யாரோ முனகுவது மாதிரி ஒரு சத்தம். பதிவாகாததை எந்த நிரலும் திருப்பித் தராது.

சரி, சத்தம் உள்ளே வராத ஒரு அறை கட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். கட்டுவதற்கு முன்னால், இதே ஊரில் நமக்கு முன்னால் இருந்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று தேடினேன். அந்தத் தேடல்தான் இந்தப் பதிவு.

காது மந்தமாக இருந்த காலம்

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். இடம், ஒரு ஹோட்டல் அறை. சுவரில் எதையும் ஒட்டவில்லை, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடவில்லை. அது எப்படி முடிந்தது?

அன்றைக்கு மைக் கிடையாது. ஒரு பெரிய புனலுக்குள் பாடவேண்டும். குரலின் வலு மட்டுமே ஒரு சவ்வை அசைத்து, ஊசி மெழுகில் கோடு கிழிக்கும். புனலுக்கு நேராக நின்று உரக்கப் பாடினால்தான் பதிவாகும். தெருவில் போகும் குதிரை வண்டி அதன் காதில் விழவே விழாது. கருவி மந்தமாக இருந்ததால் சுவர் தேவைப்படவில்லை.

1925 வாக்கில் மின்சாரப் பதிவு வந்தது. மைக் மூச்சு விடுவதைக்கூடக் கேட்டது. கூடவே வாசலில் சைக்கிள் மணி, பக்கத்து வீட்டு அம்மி, மரத்துக் குருவி எல்லாவற்றையும் கேட்டது. கருவியின் காது கூர்மையாகக் கூர்மையாக அறையின் சுவர் தடிக்க வேண்டியிருந்தது. இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே அடுத்த நூறு வருஷத்துக் கதையைப் படித்துவிடலாம்.

ராத்திரிதான் முதல் சுவர்

1931 மார்ச் 14-ல் வெளிவந்த 'ஆலம் ஆரா' இந்தியாவின் முதல் பேசும் படம். அர்தேஷிர் இரானியின் பம்பாய் ஸ்டூடியோ ரயில் பாதையை ஒட்டி இருந்தது. ஒலி புகாத தளம் கிடையாது. அதனால் ரயில்கள் ஓய்ந்த பிறகு, நள்ளிரவு தாண்டி விடியும் முன் பெரும்பாலான காட்சிகளை எடுத்தார்கள். நடிகர்கள் பேசுவது அப்போதே, அங்கேயே படத்தோடு சேர்ந்து பதிவாகவேண்டும். பிற்பாடு சேர்க்க வழியில்லை. அதே இரானியின் இம்பீரியல் கம்பெனி தயாரித்ததுதான் எச்.எம். ரெட்டி இயக்கி, டி.பி. ராஜலட்சுமி நடித்து, 1931 அக்டோபர் 31-ல் வந்த 'காளிதாஸ்'. தமிழ் சினிமா பேசிய முதல் வார்த்தைகள் பம்பாயில் பதிவானவை.

இந்த ராத்திரி உத்தி அதற்கும் பழையது. ஒலியியலை ஒரு கணக்காக மாற்றிய வாலஸ் சபைன், 1895 முதல் ஹார்வர்டில் ஒரு விரிவுரைக் கூடத்தின் எதிரொலியை அளந்தார். பகலில் தெருச் சத்தம் அளவைக் கெடுக்கும் என்பதால் அவருக்கும் நடுராத்திரிதான் வேலை நேரம். பக்கத்து அரங்கத்திலிருந்து நூற்றுக்கணக்கான மெத்தைகளைத் தூக்கி வந்து, எத்தனை மெத்தை போட்டால் எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று பார்த்துவிட்டு, விடிவதற்குள் திருப்பி வைத்துவிடுவார். இன்று எந்த ஸ்டூடியோ கட்டினாலும் எதிரொலிக் கணக்கு அவருடைய சூத்திரத்தில்தான் தொடங்குகிறது.

சென்னைக்கு வருவோம். 1934-ல் ஏ. நாராயணன் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஸ்ரீநிவாசா சினிடோன் ஸ்டூடியோவைத் தொடங்கினார். 'சவுண்ட் சிட்டி' என்றும் அதற்குப் பெயர். சென்னையிலேயே தயாரான முதல் தமிழ்ப் பேசும் படமான 'ஸ்ரீநிவாச கல்யாணம்' அங்கேதான் எடுக்கப்பட்டது. ஒலிப்பதிவைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய மனைவி மீனாட்சி நாராயணன். இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று சொல்லப்படுபவர். தமிழ் சினிமாவின் தொழில்நுட்ப வரலாற்றில் அவர் பெயர் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லப்படவேண்டும்.

அந்த நாளில் காட்சிகளைச் சூரிய வெளிச்சத்தில் எடுத்தார்கள். அதனால் ராத்திரி உத்தி செல்லாது. பகலில், திறந்தவெளியில், மரங்களுக்கு நடுவே மைக்கை வைத்தால் என்ன ஆகும்? காக்கா. சினிமா வரலாறு எழுதியவர்கள் ரசித்துச் சொல்லும் கதை இது: காக்காய்களை விரட்டுவதற்கென்றே துப்பாக்கியோடு ஒரு ஆங்கிலோ இந்தியரை ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு வைத்திருந்தார்களாம். சீதையும் ராமனும் உருகிப் பேசுவதற்கு முன்னால் ஒரு வேட்டு. என் பார்வையில் சென்னையின் முதல் சவுண்ட் ப்ரூஃபிங் ஒப்பந்தக்காரர் அவர்தான்.

தோட்டத்துக்குள் ஒரு அறை

'காளிதாஸ்' வெளிவந்து பன்னிரண்டு நாள் கழித்து, 1931 நவம்பர் 12-ல், லண்டனில் ஆபி ரோடு ஸ்டூடியோ திறக்கப்பட்டது. எல்கர் ஒரு இசைக்குழுவோடு வந்து தொடங்கி வைத்தார். கிராமபோன் கம்பெனி 1929-ல் வாங்கியது ஒரு பழைய குடியிருப்பு வீடு. தெருவில் நின்று பார்த்தால் இன்றும் அது வீடு மாதிரிதான் தெரியும். பெரிய பதிவுக்கூடத்தை வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில் கட்டினார்கள். தெருவுக்கும் மைக்குக்கும் நடுவே ஒரு முழு வீடு நின்றது.

நம் ஊரில் அப்படி ஒரு தனி அறை தேவைப்படுவதற்குக் காரணமாக இருந்தது பின்னணிப் பாட்டு. 1938-ல் வந்த 'நந்தகுமார்' படத்தில், நடிப்பவர் ஒருவர், பாடுபவர் இன்னொருவர் என்ற முறையைத் தமிழுக்கு ஏவி. மெய்யப்பன் கொண்டுவந்தார். பாட்டை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டால், படப்பிடிப்பில் காக்கா கத்தினால் என்ன, ஜெனரேட்டர் ஓடினால் என்ன? நல்ல அமைதி தேவைப்படும் இடம் சின்னதாகிவிட்டது. ஒரு ஏக்கரை அமைதியாக்க முடியாது. ஒரு கூடத்தை ஆக்கலாம். அதே 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும் எழும்பூர் மார்ஷல்ஸ் சாலையில் தொடங்கியது. நேரடி ஒலிபரப்பு. தெருச் சத்தம் உள்ளே வந்தால் அது ஊர் முழுக்கப் போய்விடும்.

1948-ல் ஏவி.எம். காரைக்குடியிலிருந்து கோடம்பாக்கத்துக்கு இடம் மாறியது. அன்றைக்கு அது ஊருக்கு வெளியே. ஊர் வளர்ந்து ஸ்டூடியோ வாசலுக்கே வந்தது. பிறகு வசனத்தையும் டப்பிங் அறைக்குக் கொண்டுபோனார்கள். பேச்சு, பாட்டு, பின்னணி இசை மூன்றுமே நாலு சுவருக்குள் போய்விட்டன.

1990-களின் தொடக்கத்தில் ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்த்துப் பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டூடியோவைக் கட்டிக்கொண்டார். 1992-ன் 'ரோஜா' அங்கே உருவானது. ஐம்பது வயலின் ஒரே நேரத்தில் உட்காரும் கூடம் தேவையில்லை. கணினியும் சிந்தசைசரும் வந்த பிறகு ஒரு சமயத்தில் ஒருவர் பாடினால் போதும், ஒருவர் வாசித்தால் போதும். அமைதியாக்க வேண்டிய கன அடி இன்னும் சுருங்கியது. அவர் ராத்திரியில் வேலை செய்வது எல்லாருக்கும் தெரிந்த கதை. இரானிக்கு ராத்திரி ஒரு கட்டாயம், ரஹ்மானுக்குப் பழக்கம். ஆனால் நகரம் தூங்கும் நேரத்துக்கு ஒரு ஒலிப்பதிவுக்காரன் கொடுக்கும் மதிப்பு மாறவில்லை.

சுவருக்கு ஒரு கணக்கு

இதெல்லாம் படித்துவிட்டு எங்கள் வீட்டு ஸ்டோர் ரூமை அளந்தேன். பத்துக்கு எட்டு அடி. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். ஜன்னலை அடைத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன்.

பலரும் செய்யும் முதல் தப்பு, முட்டை அட்டையோ நுரைப் பஞ்சோ சுவரில் ஒட்டுவது. அது உள்ளே இருக்கும் எதிரொலியைக் குறைக்கும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. ஒலியைத் தடுக்க எடை வேண்டும். அதிலும் ஒரு சங்கடம்: சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினால் சுமார் 6 டெசிபல்தான் லாபம். 20 டெசிபல் கூடுதலாகத் தடுக்க வேண்டுமானால் எடை பத்து மடங்கு ஆகவேண்டும். ஒன்பது அங்குலச் சுவர் தொண்ணூறு அங்குலம். ஏழரை அடி! கோட்டை மதில்தான் கட்டவேண்டும்.

அடுத்த கணக்கு இன்னும் மோசம். கதவு ஏழடிக்கு மூன்றடி. கீழே கால் அங்குல இடுக்கு இருக்கிறது என்று வையுங்கள். மொத்தப் பரப்பில் அது 0.3 சதவீதம். அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் அந்த இடுக்கு இருக்கும்வரை, கதவை இரும்பால் செய்தாலும் சுமார் 25 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. தண்ணீர்த் தொட்டி மாதிரிதான். சுவர் எவ்வளவு தடி என்பது முக்கியமில்லை, ஓட்டை எங்கே என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, தாழ்ந்த ஒலி. 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். விமானத்தின் உறுமலில் இந்த மாதிரித் தாழ்ந்த ஒலிகள் ஏராளம். இரண்டு அங்குலப் பஞ்சு அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

ஸ்டூடியோ கட்டுபவர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி, அறைக்குள் அறை. உள் அறை வெளி அறையைத் தொடவே கூடாது. தரை ரப்பர் துண்டுகளின் மேல் மிதக்கவேண்டும். உள்சுவர் தனிச் சட்டத்தில் நிற்கவேண்டும். நடுவில் காற்றிடைவெளி, அதில் ஏசி குழாய்க்குச் சுற்றும் ராக்வூல். இரண்டு கனமான சுவர்கள் ஒன்றையொன்று தொடாமல் நின்றால், ஏழரை அடி மதிலின் வேலையை ஒன்றரை அடியில் நெருங்கலாம்.

இதை எங்கள் மேஸ்திரிக்குப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது. "அதான் சுவர் இருக்கே சார்?" என்றார். தச்சர் அவரைவிட அக்கறையானவர். ஜிப்சம் பலகை இரண்டடுக்கு அடித்து, கதவு இரண்டு மாட்டி, எல்லாம் முடிந்த பிறகு போன் ஆப்பில் அளந்தேன். எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. மூன்று நாள் தேடினேன். கடைசியில் அவரே சொன்னார்: "சட்டம் லேசா ஆடிச்சு சார். அதான் உறுதியா இருக்கட்டும்னு பின்சுவர்ல நாலு ஸ்குரூ போட்டுட்டேன்." நாலு ஸ்குரூவும் வெளிச்சுவரின் அதிர்வை அப்படியே உள்ளே கடத்திக்கொண்டிருந்தன. நல்ல மனசோடு போட்ட ஸ்குரூ. கழற்றியதும் அளவு நன்றாகவே இறங்கியது. முன்பு வெளிக்கும் உள்ளுக்கும் 24 டெசிபல் வித்தியாசம் இருந்தது, இப்போது 45-ஐத் தொட்டது. விமானம் போனால் இன்னும் ஒரு மெல்லிய உறுமல் கேட்கும். பேச்சைக் கெடுக்காது.

உள்ளே உட்கார்ந்தவர்

சத்தம் புகாத அறையில் காற்றும் புகாது. ஒலிக்கான ஓட்டையும் மூச்சுக்கான ஓட்டையும் ஒன்றே. அதற்கும் வழி இருக்கிறது: மரப்பெட்டிக்குள் வளைந்து வளைந்து போகும் காற்றுக் குழாய், உள்ளே பஞ்சு. காற்று வளைந்து வரும், சத்தம் வழியிலேயே களைத்துவிடும். அதையும் செய்தேன். சித்திரை மாதம் ஒரு நாள், சாயங்காலமாக ஆட்டோ வைத்துப் பெரியவரை அழைத்து வந்தேன்.

உள்ளே வந்தார். கதவைச் சாத்தினேன். ஒரு நிமிஷம் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, காதுல பஞ்ச அடைச்சா மாதிரி கீது."

கேள்வி கேட்டேன். பதில் சொன்னார். எல்லாம் இரண்டு வரி, மூன்று வரி. குரல் சுத்தமாகப் பதிவானது, அவருடைய மூச்சிரைப்பு வரை. ஆனால் ஆள் அதில் இல்லை. சாயத்தைப் பற்றிக் கேட்டபோது கை தானாக எதையோ பிடிக்கப் போனது. அங்கே மேஜை விளிம்புதான் இருந்தது. "இங்க எப்டி காட்றது?" என்றார்.

திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து யோசித்தேன். பின்னணிப் பாட்டுக்கு ஊர் வேண்டாம். அந்தக் குரல் ஊட்டி மலையிலும் ஒட்டவேண்டும், மெரினாவிலும் ஒட்டவேண்டும். அதனால் எந்த இடத்தின் சுவடும் இல்லாத அறையில் பாட வைத்தார்கள். நூறு வருஷமாகக் கட்டிய சுவர்களெல்லாம் அதற்காகத்தான். என் வேலை நேர் எதிர். எனக்கு வேண்டியது அனகாபுத்தூரில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர். சினிமாவிலேயே சிலருக்கு இது தோன்றியிருக்கிறது. 2004-ல் 'விருமாண்டி'யை டப்பிங் இல்லாமல் நேரடி ஒலிப்பதிவில் கமல்ஹாசன் எடுத்தார்.

இன்னொன்றும் உறுத்தியது. 'ஆலம் ஆரா'வின் பிரதி இல்லை, 'காளிதாஸ்' பிரதி இல்லை, 'ஸ்ரீநிவாச கல்யாண'மும் இல்லை. 1934-ன் பூந்தமல்லி சாலையில் ஒரு காக்கா கத்துவது எங்காவது ஒரு சுருளில் மிச்சமிருந்தால், நானெல்லாம் வசனத்தை விட்டுவிட்டு அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலை மைக்கோடு பெரியவர் வீட்டுக்கே போனேன். சட்டையில் குத்தும் சின்ன மைக், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில். மைக்கைப் பேசுபவரின் பக்கத்தில் கொண்டுபோவதைவிட மலிவான சவுண்ட் ப்ரூஃபிங் கிடையாது: தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் ஏறும், விமானம் அப்படியே இருக்கும். பெரியவர் குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. நூலை விரலில் சுற்றிக்கொண்டு அவராகவே ஆரம்பித்தார். அப்பா, சாயத் தொட்டி, கை வெந்தது, எல்லாம் வந்தது. நடுவில் இரண்டு முறை விமானம். இரண்டு முறையும் நிறுத்தி, அது போகும்வரை நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

ஸ்டோர் ரூம் வீணாகவில்லை. பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுவது அங்கேதான், இந்தப் பதிவின் ஒலி வடிவத்தைப் படிக்கப்போவதும் அங்கேதான். பெரியவரின் பதிவையும் அங்கே உட்கார்ந்துதான் எழுத்தில் மாற்றிக்கொண்டிருக்கிறேன். நாற்பத்தி ஒன்றாவது நிமிஷத்தில், சாயத் தொட்டி பற்றிச் சொல்லும் இடத்தில், கூரையில் ஒரு காக்கா விடாமல் கத்துகிறது. அதை வெட்டவில்லை.